முளை பார்த்த விதை

எங்கள் அப்பா விதைநெல்லை வாய்ப்பேச்சில் வாங்கியவரில்லை. "போன போகத்து நெல்லு, பூச்சி புடிக்கல்ல, நம்பிக் கொண்டு போங்க" என்று யார் சத்தியம் பண்ணினாலும் கேட்டுக்கொள்வார். பிறகு சாக்கின் வாயிலிருந்து ஒரு பிடி, நடுவிலிருந்து ஒரு பிடி, அடிமூலையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலப்பார். அதில் நூறு மணி எண்ணி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி அடுப்படி மூலையில் வைப்பார். மூன்றாம் நாள் அவிழ்த்து, முளைத்ததை ஒரு பக்கம், முளைக்காததை ஒரு பக்கம் ஒதுக்கி எண்ணுவார். எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால் அந்த மூடை மில்லுக்குப் போகும், வயலுக்குப் போகாது. சாக்குக்குள் இருக்கும்போது விதைநெல்லும் வெறும் நெல்லும் பார்வைக்கு ஒன்றுதான்.

அம்பாறை வீதியில் காரைதீவுச் சந்தியிலிருந்து மாவடிப்பள்ளி, சம்மாந்துறை தாண்டி வந்தால் எங்கள் வீரமுனை. சுற்றிவர வயல். சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும். ஊரின் பேச்சு பாதி பெரும்போகம், மீதி சிறுபோகம். நான் மட்டும் மண்வெட்டியை விட்டு ஸ்குரூ டிரைவரைப் பிடித்தேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பியூட்டர் திருத்துகிறேன். சம்மாந்துறை அரிசி ஆலைகள், நிந்தவூர் மருந்துக் கடை, மருதமுனைப் புடவைக் கடை, கல்முனைக் கொமினிகேஷன்கள் என்று மோட்டார் சைக்கிள் போகிற தூரமெல்லாம் என் வாடிக்கை. போகிற இடமெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அதற்கு வரும் பதிலும் ஒன்றுதான்: "பேக்கப் இரிக்கி தம்பி, இரிக்கி."

இருக்கும். அதில் பொய் இல்லை. லாச்சியைத் திறந்தால் பழைய பில் கொப்பிகளுக்கும் ரப்பர் முத்திரைக்கும் நடுவில் கறுப்பு நிறத்தில் ஒரு டிஸ்க் கிடக்கும். அது முளைக்குமா என்பதுதான் என் தொழிலில் நான் பிந்திக் கற்றுக்கொண்ட பாடம்.

*

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். "என்ட கடிதங்களையும் கணக்கையும் பென்னில ஏத்தி வெச்சிருக்கன், பிறகு என்னத்துக்கு முழு சீ டிரைவையும் எடுக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு நான் பாமினியைத்தான் பதிலாகச் சொல்வேன்.

எங்கள் பகுதியின் பழைய கடிதம், பள்ளிவாசல் அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள் எல்லாம் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் அடித்த கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்தக் கோப்பை மட்டும் புதுக் கம்பியூட்டருக்குக் கொண்டுபோனால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம் ஓடும். "தம்பி, வைரஸ் வந்துட்டு" என்று பதறுவார்கள். வைரஸ் இல்லை, உடுப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கடையின் சீ டிரைவில் இப்படி எத்தனையோ உடுப்புகள் தொங்குகின்றன. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ வந்து போட்டுவிட்டுப் போன பில் மென்பொருள். அதன் சீடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. மூன்று தாளில் கார்பன் வைத்து அடிக்கிற டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் டிரைவர். அரை அங்குலம் தள்ளி அடிக்காமலிருக்க ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சரிசெய்த தாள் அளவு. தராசோடு பேசுகிற வயரின் இணைப்பு எண். இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. வின்டோஸ், மென்பொருள், எழுத்துரு, அளவுகள் எல்லாவற்றையும் டிஸ்க்கில் இருக்கிறபடியே ஒரே கோப்பாக அள்ளி வைப்பதைத்தான் நாங்கள் இமேஜ் என்கிறோம். கோப்புகளைப் பிரதி எடுப்பது அரிசியை அளந்து வைப்பது போல. இமேஜ் எடுப்பது அடுப்பும் பானையும் அகப்பையும் சேர்த்து வீட்டையே தூக்கிவைக்கிற வேலை. தூக்கிய வீட்டைத் திரும்ப இறக்கும்போதுதான் நிலைப்படி இடிக்கும்.

எனக்கு இடித்த கதையைச் சொல்கிறேன்.

*

ஒரு பெரும்போக அறுவடை. சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றின் முற்றத்தில் நெல் மூடைகள் மதில் உயரத்துக்கு நிற்கின்றன. வெளியில் உழவு மெஷின்கள் வரிசை. காலையில் அலுவலகக் கம்பியூட்டர் 'டிக், டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. டிஸ்க் செத்துப்போயிற்று. நான் பதறவில்லை. அது அந்த நாளின் அகம்பாவம். ஒவ்வோர் இரவும் வின்டோஸோடு வருகிற பழைய பேக்கப் வசதி இமேஜ் எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் 'வெற்றி' என்று பச்சை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது. "மத்தியானத்துக்குள்ள ஓடும் ஹாஜியார்" என்று ஆலைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கல்முனைக்கு விட்டேன் சைக்கிளை.

பழையது 500 ஜிபி. நான் வாங்கி வந்தது 480 ஜிபி எஸ்எஸ்டி. சீ டிரைவ் 100 ஜிபி. அதிலும் முழுவதும் நிரம்பியிருக்கவில்லை. பிறகென்ன என்று நினைத்தேன். அந்தப் பழைய வசதிக்கு அந்தக் கணக்குப் புரியாது. மூல டிஸ்க்கைவிடப் புது டிஸ்க் சிறியது என்றால் அது இறக்கவே மாட்டாது. மறுபடி கல்முனை. 1 டெராபைட் டிஸ்க்கோடு திரும்பியபோது லுஹர் பாங்கு முடிந்திருந்தது. இரண்டாம் முறை இமேஜ் இறங்கியது, ஆனால் கம்பியூட்டர் எழும்பவில்லை. தொடக்கப் பகுதியைக் கையால் திருத்தி எழுப்ப மஃரிப் ஆயிற்று. பழைய திரை தெரிந்தது, ஆலையின் முகப்புப் படம், அதே இடத்தில் அதே ஐகன்கள். கிளாக்கர் தங்கச்சி கைதட்டினா. நான் பிளேன்டீ கேட்டேன்.

அவ கொள்வனவுப் புத்தகத்தைத் திறந்தா. கடைசிப் பதிவு 17 நாளுக்கு முந்தியது.

பிழை என்னுடையதுதான். 17 நாளுக்கு முன் சீ டிரைவ் நிரம்புகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போய்க் கணக்கின் புதிய பதிவுகள் டி டிரைவுக்குப் போகும்படி மென்பொருளைத் திருப்பிவிட்டு வந்தேன். திருப்பியதை இரவு நேர பேக்கப்புக்குச் சொல்லவில்லை. அது தனக்குச் சொன்னபடி சீயை மட்டும், ஒரு நாள் தவறாமல், வெற்றியோடு எடுத்துக்கொண்டிருந்தது. பச்சை அடையாளம் பொய் சொல்லவில்லை. 'நீ சொன்னதை எழுதிவிட்டேன்' என்பதுதான் அதன் பொருள். 'உனக்குத் தேவையானது இதில் இருக்கிறது' என்று நான் வாசித்துக்கொண்டேன்.

நெல் அளந்த துண்டுகளின் கார்பன் பிரதிகளை அடுக்கி வைத்து, 17 நாள் கணக்கை மூன்று இரவு இருந்து திரும்ப ஏற்றினோம். காசுக்கு வந்த வயல்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஹாஜியார் ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மகன், நீ இத ஒரு தரமாவது திரும்பப் போட்டுப் பாத்த நீயா?"

அன்று இரவு வீட்டுக்கு வரும்போது அடுப்படி மூலையும் ஈரச் சாக்குத் துண்டும்தான் நினைவில் இருந்தன.

*

பெரிய இடங்களுக்கும் இது நடக்கிறது என்று அறிந்தபோது ஆறுதல் வரவில்லை, பயம்தான் கூடியது. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைப் பணயத் தாக்குதல் மென்பொருள் பிடித்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்துடையது உட்பட. அமைப்பை விரைவாகத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் வரவில்லை. அந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. என் 17 நாளும் அந்த மூன்று மாதமும் ஒரே இனம். தாக்குதல் நடந்த நாளில் வெளிப்பட்ட ஓட்டை, அதற்கு எத்தனையோ நாள் முன்பே அங்கே இருந்தது. மே மாதமோ ஜூன் மாதமோ ஒருவர் உட்கார்ந்து, 'போன கிழமை வந்த ஒரு கடிதத்தைப் பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்' என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கிட்லாப் என்ற நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று பட்டதை என்னைப் போன்றவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான இயந்திரத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு போயிற்று. ஒன்றுக்கு ஐந்து பாதுகாப்பு முறைகள் வைத்திருந்தார்கள். தினசரி பேக்கப்பைப் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. பேக்கப் எடுக்கும் கருவி ஒரு பதிப்பு, தரவுத்தளம் இன்னொரு பதிப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் அது தோற்றிருக்கிறது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் அமைப்பு வாசலிலேயே திருப்பியனுப்பியிருக்கிறது. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி. அவர்கள் இதை மறைக்காமல் ஊரறிய எழுதினார்கள். என்னைப் போன்ற மூலைக் கடைக்காரனுக்கும் அது பாடமாயிற்று.

எங்கள் சீமையிலேயே ஒரு நல்ல பேக்கப் முறை கம்பியூட்டருக்கு முன்பிருந்தே இருக்கிறது. நொத்தாரிசு காணி உறுதி எழுதினால் மூலம் சொந்தக்காரர் கைக்கு வரும். ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். 1990இல் எங்கள் ஊரே இடம்பெயர்ந்தபோது ட்ரங்குப் பெட்டிகள் போயின. 2004 டிசம்பர் 26இல் கல்முனைக் கரையோரம் முழுக்கக் கடல் ஏறியபோது வீடுகளே போயின. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். உறுதியை இழந்தவர்கள் பதிவகத்தில் விண்ணப்பித்து, அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்தார்கள். அந்தப் பிரதியை நீதிமன்றம் ஏற்கும், வங்கி ஏற்கும். இந்த முறையின் அழகே அதுதான். பிரதி இருப்பதோடு முடியவில்லை. அதைக் கேட்டு வாங்கும் வழியும், வாங்கியதை ஏற்கும் கதவும் நாள்தோறும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பியது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். நல்ல கணக்கு. பின்னால் வந்தவர்கள் அதன் வாலில் இன்னொரு 1ஐயும் ஒரு பூச்சியத்தையும் சேர்த்தார்கள். அந்த 1, வலையோடு தொடர்பில்லாமல் கழற்றி வைத்த பிரதி. பூச்சியம், திரும்பப் போட்டுப் பார்த்ததில் கண்ட பிழை. என் அனுபவத்தில் ஆகக் கடினமான இலக்கம் அந்தப் பூச்சியம்தான்.

*

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

கல்முனைப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம், மற்ற இடங்களில் போயா தினம். வேலை செய்கிற கடையில் இதைச் செய்யக்கூடாது. அவசரம் வந்தால் சோதனை பாதியில் நிற்கும். ஹாஜியார் சாவிக் கொத்தை என் கையில் தந்துவிட்டுப் பள்ளிக்குப் போவார்.

முதல் வேலை, ஓடுகிற டிஸ்க்கைக் கழற்றுவது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கம்பியூட்டரைக் கரண்டிலிருந்து எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன். பேக்கப்பைச் சோதிக்கப் போய், நல்லாயிருந்த டிஸ்க்கின் மேலேயே பழைய இமேஜை இறக்கிவிட்டவர்கள் உண்டு. முளை பார்க்க நூறு மணி போதும், மூடை முழுவதையும் தண்ணீரில் போட வேண்டியதில்லை. மாற்று டிஸ்க் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூலமும் அதன் அச்சசலான பிரதியும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியூட்டரில் மாட்டியிருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண். வின்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கிவிடும். எழும்பியது எந்த டிஸ்க் என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, மீட்புப் பென் டிரைவ். வின்டோஸ் இல்லாமல் தானே எழும்பி, இமேஜைத் திறந்து இறக்கத் தெரிந்த பென் அது. அதை இந்தக் கம்பியூட்டரிலேயே எழுப்பிப் பார்க்க வேண்டும். என் வீட்டு மேசையில் எழும்பியது இங்கே எழும்பும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு வகைப் பெட்டிக்கு எஃப் 12, இன்னொன்றுக்கு எஃப் 9, சிலதுக்கு எஸ்கேப். எழும்பினாலும் உள்ளே டிஸ்க் தெரியாமல் போகும். புதிய இன்டெல் கம்பியூட்டர்களில் எஸ்எஸ்டிக்கும் பலகைக்கும் நடுவில் விஎம்டி என்று ஓர் இடையாள் இருக்கிறார். அவருடைய டிரைவர் பென்னுக்குள் இல்லை என்றால், கண் முன்னால் மாட்டிய டிஸ்க்கை 'இல்லை' என்று திரை சொல்லும். சோதனை நாளில் இது பத்து நிமிடத் தேடல். டிஸ்க் செத்த நாளில், இன்டர்நெட்டும் இல்லாத கடையில், அது ஒரு பகல்.

பென்னில் இருக்கிற மென்பொருளும் இமேஜை எழுதிய மென்பொருளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் நிறையப் பேர் இமேஜ் வைத்திருந்தோம். அந்தப் பதிப்பின் ஆதரவு 2024 தொடக்கத்தோடு முடிந்தது. பழைய இமேஜுகள் கெட்டுவிடவில்லை. ஆனால் அவற்றைத் திறக்கிற பென்னையும் சேர்த்துப் பத்திரப்படுத்தாதவர்களுக்கு அது சாவி தொலைத்த பெட்டி. கிளோன்சில்லா போன்ற திறந்த மென்பொருள்களில் இந்தப் பயம் குறைவு. அவற்றின் முகம்தான் கரடுமுரடு.

மூன்றாவது, இமேஜைச் சரிபார்ப்பது. 'வெரிஃபை' என்று ஒரு பொத்தான் இருக்கும். எழுதிய நாளிலிருந்து கோப்பு மாறவில்லை, ஓட்டை விழவில்லை என்று அது உறுதி சொல்லும். எங்கள் உப்புக் காற்றில் டிஸ்க்குகள் படும் பாட்டுக்கு அதுவும் வேண்டும். ஆனால் அது சாக்கு கிழியவில்லை என்று பார்க்கிற வேலைதான். உள்ளே இருப்பது முளைக்குமா என்பதை அது சொல்லாது.

நான்காவது, இறக்குவது. ஒரு வின்டோஸ் டிஸ்க்கில் சீ மட்டும் இருப்பதில்லை. முன்னால் கம்பியூட்டரை எழுப்பிவிடுகிற ஒரு சின்னப் பகுதி, பெரும்பாலும் வெறும் 100 எம்பி. பிறகு 16 எம்பிக்கு ஓர் ஒதுக்கம். பிறகு சீ. வாலில் ஒரு மீட்புப் பகுதி. முன்னால் இருக்கிற அந்தச் சின்னதைப் 'பெரிசா ஒண்டும் இல்ல' என்று விட்டுவிட்டுச் சீயை மட்டும் எடுத்த பேக்கப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இறக்கினால் எல்லாக் கோப்பும் இருக்கும், கம்பியூட்டர் மட்டும் எழும்பாது. கதவில்லாத வீடு. கட்டளை அடித்துக் கதவு வைக்கலாம், அது எனக்குத் தெரியும். நான் காய்ச்சலில் கிடந்தால் கடையில் யாருக்குத் தெரியும்?

ஐந்தாவது, முதல் எழுப்பல். அதற்கு முன் நெட்வொர்க் வயரைக் கழற்றிவிடுவேன், வைஃபையும் வேண்டாம். எழும்பப் போவது நேற்றைய கம்பியூட்டர். அதற்கு இன்றைக்கு நடந்தது எதுவும் தெரியாது. வயரோடு எழும்பினால் நேற்றைய கணக்கை இன்றைய கணக்கின் மேல் ஒத்திசைத்துவிடும். அனுப்பிய கடிதத்தைத் திரும்ப அனுப்பும். சோதனையே விபத்தாகிவிடக்கூடாது.

பட்டனை அழுத்திவிட்டு நிற்கிற அந்த அரை நிமிடம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு நெஞ்சு இடிக்கும். நீலத் திரை வந்து, தொடக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் டிஸ்க்கோடு பேசும் முறை மாறியிருக்கும். பலகையின் பற்றரி செத்துப் பழைய அமைப்புகள் மறந்துபோன பெட்டிகளில் இது நடக்கும். 48 இலக்கச் சாவி கேட்டால் அது பிட்லொக்கர். டிஸ்க் பூட்டியிருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். புதிய வின்டோஸ் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அந்த 48 இலக்கமும் தாளில் இல்லையென்றால், மூலப் பலகை மாறுகிற ஒரு நாளில் சொந்தக்காரரே அந்நியர். ஓடுகிற வின்டோஸுக்குள் இருந்து எடுத்த இமேஜில் இன்னொரு விஷயம் உண்டு. திரும்ப இறங்கும் டிஸ்க் பூட்டில்லாமல் வரும். மருந்துக் கடை போன்ற இடத்தில் அதைத் திரும்பப் பூட்டுவதும் வேலையில் சேர்த்தி.

ஆறாவதுதான் நான் அந்த ஆலையில் கற்றது. வின்டோஸ் எழும்பியதும் சோதனை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. கதிரையை விட்டு நான் எழும்பிவிடுவேன். அந்தக் கம்பியூட்டரில் தினமும் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். நேற்றுக் கடைசியாகப் போட்ட பில்லைக் காட்டச் சொல்வேன். அதே பில்லை அச்சடிக்கச் சொல்வேன். கார்பன் தாளில் கோடு சரியாக விழுகிறதா? பாமினிக் கடிதம் ஒன்றைத் திறக்கச் சொல்வேன். தராசில் ஒரு மூடையை வைத்து எடை திரைக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்வேன். கணக்கு மென்பொருள், 'இது வேறு டிஸ்க், உரிமம் செல்லாது' என்று முகம் திருப்புவதும் இந்த இடத்தில்தான் தெரியும். எனக்கு எழும்புகிற திரை போதும். அவர்களுக்கு வேண்டியது பில். எழும்பிய கம்பியூட்டரை நான் மீட்சி என்று எண்ணியதால்தான் 17 நாள் போயிற்று.

*

இந்த முழுச் சோதனையை ஒவ்வொரு அறுவடைக்கும் முன்னால், வருடத்துக்கு இரண்டு தரம் செய்கிறேன். நடுவில், மாதத்துக்கு ஒரு தரம், இமேஜை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கம்பியூட்டருக்குள் ஒரு மெய்நிகர் கம்பியூட்டராக எழுப்பிப் பார்ப்பேன். பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. இமேஜ் எழும்புமா, கணக்கின் கடைசித் திகதி என்ன என்று தெரிந்துவிடும். அந்தப் பெட்டியில் அந்தப் பென் எழும்புமா, பிரிண்டர் பேசுமா என்பது தெரியாது. ஒன்று வீட்டு மூலையில் முளை பார்ப்பது, மற்றது வயலில் நாற்று விடுவது.

எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுவேன். திகதி, இமேஜின் அளவு, தொடங்கிய நேரம், முதல் பில் அச்சான நேரம், இடித்த இடம். நேரம் முக்கியம். 120 ஜிபி இமேஜை யூஎஸ்பி 2 துவாரத்தில் செருகினால் நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலே பெரிது; இறங்க ஒரு மணிக்கு மேல் ஆகும். அதையே நீல நிற யூஎஸ்பி 3 துவாரத்தில் செருகினால் இருபது இருபத்தைந்து நிமிடம். முன்பக்கத் துவாரமா பின்பக்கத் துவாரமா என்ற இந்தச் சின்ன விஷயத்தில் முக்கால் மணி நேரம் தங்கியிருக்கிறது. ஹாஜியார் ஒருவர் "எவ்வளவு நேரத்தில ஓடும்?" என்று கேட்டால் முன்பு நான் வானத்தைப் பார்த்துச் சொல்வேன். இப்போது கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன்: "போன தரம் ஒண்டே முக்கால் மணித்தியாலம்."

கொப்பியைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. முதல் தரம் சோதித்த எந்த இடமும் எங்கேயாவது இடிக்காமல் தேறியதில்லை. ஓரிடத்தில் பென் எழும்பவில்லை. ஓரிடத்தில் இமேஜின் கடவுச்சொல், முன்பு வேலை செய்து வெளிநாடு போன பிள்ளையின் மூளைக்குள் இருந்தது. கட்டாருக்கு அழைப்பெடுத்துக் கேட்டோம். ஓரிடத்தில் பேக்கப் டிஸ்க் நிரம்பி நான்கு மாதமாகப் புது இமேஜ் எதுவும் எழுதவில்லை. ஓரிடத்தில் டிஸ்க்கை இரவும் பகலும் கம்பியூட்டரிலேயே செருகி வைத்திருந்தார்கள். பணய மென்பொருள் ஒன்று வந்தால் மூலத்தையும் பிரதியையும் ஒரே மூச்சில் பூட்டியிருக்கும். இரண்டாம் தரம் தொல்லை குறையும். மூன்றாம் தரம் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பு வந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

கடலோரக் கடைகள் சிலதின் இரண்டாம் டிஸ்க் வீரமுனையில் என் அலுமாரிக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உறை, உறையில் கடைப் பெயர், கடைசியாக முளை பார்த்த திகதி. முளை பார்க்காத டிஸ்க்கைத் தனித் தட்டில் வைத்திருக்கிறேன். அதை நான் பேக்கப் என்று சொல்வதில்லை. அது வெறும் டிஸ்க்.

*

போன சிறுபோகத்துக்கு முன், அதே ஆலையில், சோதனையை நான் செய்யவில்லை. ஒரு தாளில் முறையை ஒன்று, இரண்டு என்று பதினான்கு வரியில் எழுதி லெமினேட் பண்ணி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். கிளாக்கர் தங்கச்சியிடம் பென்னையும் மாற்று டிஸ்க்கையும் கொடுத்து, "தாளில உள்ளபடி செய்ங்க, நான் வெளியில இருக்கன்" என்று சொல்லிவிட்டு முற்றத்து வேம்படியில் போய் உட்கார்ந்தேன். ஹாஜியாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிளேன்டீ வந்தது.

"புள்ள செஞ்சுருவாளா?"

"தெரியா ஹாஜியார். அதுக்குத்தான் பாக்கிறம்."

முக்கால் மணி நேரம் சத்தமில்லை. பிறகு அவ வாசலுக்கு வந்தா. முகத்தில் கோபம். "அண்ணன், ஏழாவது வரியில 'டிஸ்க்கைத் தெரிவு செய்க' எண்டு எழுதியிரிக்கீங்க. அங்க ரெண்டு டிஸ்க் காட்டுது. எது எடுக்கிற, எது இறக்கிற எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை. அவ அந்த இடத்தில் கையை எடுக்காமல் ஊகித்து அழுத்தியிருந்தால், பேக்கப் டிஸ்க்கையே அழித்திருக்கவும் கூடும்.

எழும்பி உள்ளே போனேன். அளவைப் பார்த்து எப்படி அடையாளம் காண்பது என்று காட்டினேன். இரண்டு டிஸ்க்கிலும் வண்ண ஸ்டிக்கர் ஒட்டினோம், எடுப்பதற்குப் பச்சை, இறக்குவதற்குச் சிவப்பு. மிச்சத்தை அவவே முடித்தா. பில் அச்சானது. அசர் பாங்கு சொல்லும் நேரம், கொப்பியை எடுத்து அன்றைய வரியை எழுதினேன்: இமேஜ் சரி, பென் சரி, பில் சரி. 'இடித்த இடம்' என்ற கட்டத்தில், 'தாள், ஏழாவது வரி' என்று எழுதிவிட்டு, லெமினேட்டைக் கிழித்துப் புதுத் தாளில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.